மூன்று பேர் ரத்தம்

மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று பெயின்ட் அடிக்கிற அப்பாவுக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். அவரை ரத்தம் கொடுக்கக் கூட்டிக்கொண்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் பார்க்கும் லென்ஸ் தேய்க்கும் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லி, ஆஸ்பத்திரி வாசல் வரை கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

எனக்குப் பதினாறு வயதில் சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். மாதவிலக்கு நினைத்தபோதுதான் வரும், தாடையில் முடி முளைக்கும், எடை ஏறும். அன்றைக்கு அப்பா ஆத்திரத்தில் அம்மாவைப் பார்த்து, "நீதான் ஊட்டி ஊட்டி இவளைக் கெடுத்துட்ட" என்றார். சொன்னதை அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா மறக்கவில்லை. பதிமூன்று வருடமாக எனக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். "இன்சுலின் வந்து தட்டினா கதவைத் திறந்துவிட, செல் மேல ஒரு ஏற்பி இருக்கு. அதைச் செய்யற மரபணுவுல சிலருக்குச் சின்ன மாற்றம் இருக்கும். அதுக்கும் உங்க பிரச்சினைக்கும் தொடர்பு உண்டான்னு பாக்கறோம். மாற்றம் இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல. வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்." அதற்கு மகள், தாய், தகப்பன் மூவரின் ரத்தமும் வேண்டுமாம். அம்மா உடனே சரி என்றாள். தன்னால் வந்ததா இல்லையா என்று ஒருவழியாகத் தெரிந்துவிடும் என நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அக்கா எங்கள் மூவருக்கும் படிவத்தை வாசித்துக் காட்டினார். "தனித்தனியா யாருக்கும் ரிசல்ட் தரமாட்டோம்மா. நிறைய குடும்பத்தைச் சேர்த்து வச்சுத்தான் பாப்போம்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாதா?"

"உங்களாலன்னு யாராவது சொன்னாங்களா?"

நான் போட்டு உடைக்கத் தயாரானேன். அதற்குள் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது.

"நான்தான் சொன்னேன்" என்றார். "கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மறுநாளே தப்புன்னு தெரிஞ்சுது. ஒத்துக்க மனசு வரல." பிறகு அந்த அக்காவிடம், "எங்கயாவது எழுத இடம் இருந்தா, அப்பா பக்கத்துல இருந்து வந்ததுன்னு எழுதிக்கம்மா" என்றார்.

"அதெல்லாம் நாங்க எழுத முடியாதுங்கய்யா. கையை மட்டும் ஆட்டாம வைங்க."

ரப்பர் பட்டையை இறுக்கி ஊசியை ஏற்றினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். இந்த மனுஷனை எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருப்பேன். அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போல அவ்வளவு நன்றியாக இருந்தது. என் ரத்தத்தில் எது மாறியிருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை.

அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். ஊசி இன்னும் கையில்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"உன் மேல தப்பே இல்ல" என்றார்.