வங்கிக்குப் பின்னால் நிற்பது

இந்தக் காலத்தில் யாருக்கும் வீட்டை வீடாகப் பார்க்கத் தெரியவில்லை. விலை ஏறிவிட்டது என்று ஒருவன் சொன்னால் போதும், சுவருக்குள் பணம் இருப்பதுபோல் கை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

லியோனா அப்படியில்லை என்று நினைத்திருந்தேன். டொலிடோ நகரத்தில் மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் வைக்கக்கூடிய என் வீட்டை ஒன்பது வருடம் முன்பு அவளுக்கு விற்றேன். எந்த வங்கியும் அவளுக்குக் கடன் தரவில்லை. மாதாமாதம் எனக்கே கட்டு, தீரும்வரை வீடு எனக்கு அடமானம் என்று எழுதிக்கொண்டோம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பாதிக்குமேல் அடைத்துவிட்டாள்.

இப்போது கூரை போய்விட்டது. பனிக்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் காலி செய்வேன் என்கிறார் மாடியில் வாடகைக்கு இருப்பவர். அந்த வாடகை நின்றால் அவளால் எனக்குக் கட்ட முடியாது, வீடு அவள் கையைவிட்டுப் போகும். அதனால் அடைத்த பங்கின்மேல் வங்கியில் கடன் கேட்டாள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட வங்கி இன்றைக்குத் தருகிறதாம். ஆனால் வீட்டின்மேல் முதல் உரிமை தனக்கு வேண்டுமாம். நான் பின்னால் போய் நிற்கிறேன், வீடு ஏலம் போனால் வங்கி எடுத்தது போக மிச்சம்தான் எனக்கு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். அங்கே அதிகாரி பிரென்ட் கூரைச் செலவைப்போல் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். வீட்டுக்கு மதிப்புப் போட்டவர் மாடிக்கு ஏறினாரா என்று கேட்டேன். தெருவில் காரில் இருந்தபடியே பார்த்தாராம்.

"கூரைக்கு மட்டும்னா கையெழுத்துப் போடறேன். பணம் கூரை போடறவன் கைக்கு நேரா போகணும்" என்றேன்.

"எனக்கு அம்பத்திரெண்டு வயசு, மெர்ல்" என்றாள் லியோனா. "சமையலறையும் புதுசாக்கினா வாடகை ஏத்தலாம்."

"கூரைக்கு மேல ஒரு காசு வேண்டாம். உன்னை நம்பறேன். இவங்களைத்தான் நம்பலை."

அவள் சிரித்தாள். "நான் கட்டலைன்னா என்னை வெளியே தள்ற வரிசையில நீங்க ரெண்டாவது. அவ்வளவுதானே?"

"ரெண்டாவது ஆளுக்கு என்ன மிஞ்சும்னு இவரையே கேளு."

கேட்டாள். அன்றைய விலையைப் பொறுத்தது என்றார் பிரென்ட், மேசையைப் பார்த்துக்கொண்டே.  கூரைக்கு மட்டும் போதும், கூரை போடுகிறவன் பேருக்கே கொடுங்கள் என்றாள் லியோனா. முகம் வாடித்தான் இருந்தது.

காகிதத்தை மாற்றி அடித்துக்கொண்டு வந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். நல்ல முடிவு, கவலையே வேண்டாம் என்று பிரென்ட் கை நீட்டினார். கை குலுக்கிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். காரைவிட்டு இறங்காமலே வீட்டுக்கு விலை சொல்கிறவர்கள் இப்போது எனக்கு முன்னால் நிற்கிறார்கள். கவலை வேண்டாமாம்.