ஒயர் அறுந்த இயர்போன்

பொழுது விடியும்போதே மங்கலம் சாலை அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை கொதிக்கும் நாற்றம் ஏறிவிடும். மரிய செலின் முழங்கைவரை பசையோடு அட்டைகளை ஒட்டி அடுக்குவாள். விளிம்பு கீறிய விரல்களில் பசை பட்டால் எரியும்.

எரிச்சலை மறக்க ஒரு வழி கிடைத்திருந்தது. காசில்லாமல் போனில் வரும் கதைகள். யாரோ ஒரு பெண் உருக்கமாக நாவல் வாசிப்பாள். செலின் போனை எவர்சில்வர் சொம்புக்குள் வைத்தால் ஒட்டுமேஜை முழுக்கக் கேட்கும். கதையில் மாமியார் கை ஓங்கினால், "அந்தப் பொம்பளைய இங்க இட்டுகினு வாங்கடி, பசையில முக்கிடுறேன்" என்பாள் உஷாராணி. சிரித்தபடியே கைகள் ஓடும்.

இன்பமேரிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. கொட்டகையின் மறுகோடியில் அட்டை வெட்டும் பஞ்சிங் மிஷின் அவளுடையது. அட்டையை வைத்துக் கையை இழுத்த மறுகணம் இரும்புத் தாடை கவ்வும். அந்த இடியில் கதை எங்கே கேட்கும்? காதை அடைக்க ஏதாவது தாருங்கள் என்று கம்பெனியைக் கேட்டு அலுத்து, செலினின் கெட்டுப்போன இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள். ஒயர் மிஷினில் சிக்கிவிடும் என்று செலினே அதைக் குட்டையாக அறுத்துக் கொடுத்தாள்.

டீ வேளையில் இன்பமேரி ஓடி வருவாள். "அவ புருசன் வந்துட்டானாக்கா?"

"வந்துட்டான்டி."

கதையில் அவன் வரவில்லை. இன்பமேரியின் புருஷனும் போனவன் போனவன்தான். செலினுக்கு உண்மையைச் சொல்ல வாய் வராது.

கை நுழைந்தால் மிஷினை நிறுத்தும் கம்பி ஒன்று முன்பு இருந்தது. அடிக்கடி நின்று வேலை கெடுகிறதென்று தீபாவளி ஆர்டரின்போது கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தாடை அவள் வலக்கையைக் கவ்வியது. அலறியது யாருக்கும் கேட்கவில்லை. அட்டை சிவந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் முதலாளி கலைச்செல்வன், ரத்தம் காய்ந்த இயர்போனை மேஜையில் போட்டார்.

"கதை கேட்டுகினே கைய வுட்டிருக்கா. கம்பெனி இன்னாம்மா பண்ணும்? விசாரணைக்கு ஆள் வராங்க. ஒவ்வொருத்தரா என் போன் வீடியோல இதைச் சொல்லிட்டு உள்ள போங்க. சொல்லாதவங்க வூட்டுக்குப் போங்க."

இன்பமேரியின் தவறு என்று ஆகிவிட்டால் இழப்பீட்டைத் தட்டிக்கழித்துவிடுவார்கள். எல்லோருக்கும் அது தெரியும். முதலில் கூப்பிட்டது உஷாராணியை. வாடகை வீடு, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பா. "கதை கேட்டுகினு இருந்தா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

செலின் இயர்போனைத் தூக்கிக் காட்டினாள். "இந்த ஒயரை எந்தப் போன்ல சொருகுவீங்க சார்?"

கலைச்செல்வன் அறுந்த நுனியைப் பார்த்தார். "அப்ப... ப்ளூடூத்தா இருக்கும்."

"ஒயர் வெச்ச ப்ளூடூத்தா சார்?" என்றார் லோடு ஏற்றும் இருசப்பன். சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

"நக்கலா? செலின், நீ வெளிய போ!"

அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்பமேரியின் கைக்கட்டில் விரல்கள் இருக்கவேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

"மொதலாளி சாரு காலையிலயே வந்து சொன்னாரு. என் தப்புதானாக்கா? காதுல அது இல்லாம இருந்தா, தாடை வர்றது கேட்டிருக்குமோ?"

அதைக் கொடுத்தவள் செலின். "கம்பி இருந்திருந்தா உன் கையும் இருந்திருக்கும்டி."

இன்பமேரி நம்பவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் விடியலில் செலின் கம்பெனி கேட்டுக்கு வெளியே தனியாக நின்றாள். சாப்பாட்டுக் கூடையோடு வந்த உஷாராணி உள்ளே நுழையவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். ஆளில்லாத மிஷினைப் பார்த்துக் கலைச்செல்வன் வெளியே பாய்ந்து வந்தார்.

"இன்னா கூட்டம்? உள்ள வாங்க!"

"நேத்து நான் சொன்னது பொய் சார்" என்றாள் உஷாராணி. "அத்த அழிச்சிட்டு இன்னொரு தபா எடுங்க."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "மொத்தப் பேரும் வேலைய வுட்டு நின்னுக்கோங்க!"

இருசப்பன் கண்ணாடி விரிசல் விட்ட தன் போனை எடுத்தார். "நான் எடுக்கறேன். சொல்லும்மா."

"எம் பேரு உஷாராணி. கம்பியக் கழட்டுனத நான் பார்த்தேன். மேரி காதுல இருந்தது..." குரல் உள்ளே போயிற்று.

"சத்தமா சொல்லுடி" என்றாள் செலின். "ஆஸ்பத்திரியில அவ கேக்கணும்."

உஷாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தன் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினாள். அவள் பின்னால், அடுத்துப் பேச ஒட்டுமேஜை முழுவதும் வரிசையில் நின்றது.