பூஜ்யத்துக்கு முன்னால்

நாளைக் காலை காசிமேட்டுக் கடற்கரையில் நான்கு வைக்கோல் பொம்மைகளை வைத்துக் காரியம் செய்துவிடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். மீன்பிடி லாஞ்சு கடலுக்குப் போய் ஒன்பது நாள். டிரைவர் சுப்புராயனும் அவனோடு போன மூன்று பேரும் திரும்பவில்லை. காரியம் முடிந்துவிட்டால் அப்புறம் தேடப் போக ஆள் ஏது? லாஞ்சுகள் எல்லாம் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடும். சுப்புராயன் பெண்சாதி செல்லம்மாவின் கழுத்திலிருந்து தாலியும் இறங்கிவிடும்.

ராயபுரத்தில் மைக் செட் கடை வைத்திருந்த ஜெகதீசனுக்கு அந்தக் காரியத்தில் ஒரு வேலை வந்திருந்தது. சுப்புராயன் பாடிய பாட்டை ஒலிபெருக்கியில் போட வேண்டும். போன மாதம் ஜெகதீசனின் மகள் சினேகாவின் மஞ்சள் நீராட்டில் சுப்புராயன் சொந்தமாகக் கட்டிப் பாடிய பாட்டு அது. ஜெகதீசனின் மச்சான் மனோகரன் அதைப் பதிவு செய்து ஒரு சிடியில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

பாட்டை எதில் போடுவது என்பதில்தான் தகராறு.

"இன்னா மாமா, இன்னும் இந்த இரும்புப் பொட்டியக் கட்டிகினு அழுவுற? இந்த சிடிலருந்து பாட்ட அப்பிடியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். ஒரு புள்ளி கொறையாது. தட்டே வேணாம்" என்றான் மனோகரன்.

"புள்ளி கொறையாது, ஆளு கொறையுறான்டா. உன் பொட்டில அவன் எங்கியோ தெருக்கோடில நின்னு பாடுறான். என்னோடதுல பக்கத்துல நிக்கிறான்."

"ரெண்டும் அதே நம்பருதான் மாமா. உனக்குத்தான் காது பேஜாரு."

புருஷன் குரலை அவளைவிட யாருக்குத் தெரியும் என்று, கடைக்கு வந்திருந்த செல்லம்மாவிடமே தீர்ப்பை விட்டார்கள். பெட்டிகள் தெரியாதபடி அவளைத் தெருப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். ஸ்பீக்கர் ஒன்றே, ஒயரை மட்டும் மாற்றி மாற்றிச் செருகினான் மனோகரன்.

முதலில் கம்ப்யூட்டர். பாட்டு முடிந்தது. "அவுருதான். போட்டோ பாக்குற மாதிரி கீது" என்றாள்.

அடுத்தது சிடி பிளேயர். கப்பல் சாமான் விற்பவனிடம் ஜெகதீசன் வாங்கிய கனத்த பெட்டி. தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்லச் சுழற்றியது. இரண்டாவது வரியிலேயே செல்லம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஜெகதீசன் ஜெயித்துவிட்டான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு பாட்டை மேலே ஓடவிட மனம் வரவில்லை. பாட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய்த் தட்டை எடுத்துவிடலாம் என்று பின்னோட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். கேசட் காலத்துப் பழக்கம். இருபது வருஷமாக, ரீவைண்ட் பண்ணாமல் அவன் ஒரு கேசட்டையும் உறையில் போட்டதில்லை. சிடிக்கு அது வேண்டியதில்லை என்று மனோகரன் நூறு தடவை கேலி செய்தாயிற்று. விரல்தான் கேட்பதில்லை.

பச்சை எண்கள் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தைத் தொட்டன. அங்கே நிற்கவில்லை. எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு முளைத்தது. மைனஸ் பத்து. மைனஸ் முப்பது. ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டில் நின்றது. ஜெகதீசன் விரலை எடுத்தான்.

ஸ்பீக்கரிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது.

மரப்பலகையில் தண்ணீர் தளும்புகிற சத்தம். ஒரு தகரடப்பா அடியைச் சுரண்டி மொள்கிறது. வெளியே வீசுகிறது. மறுபடி சுரண்டல். நடுவில் இரண்டு இருமல், ஒரு செருமல்.

செல்லம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே, அவுருதான்! பீடி இருமல். ரெண்டு இருமி ஒண்ணு செருமுவாரு."

எண்கள் பூஜ்யத்துக்கு வந்தன. எதுவும் நடக்காததுபோலப் பாட்டு ஆரம்பித்தது.

மனோகரன் தட்டைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் போட்டான். முதல் செகண்டிலிருந்தே பாட்டு. அதற்கு முன்னால் போக வழியே இல்லை. "மொதப் பாட்டுக்கு முன்ன ரெண்டு செகண்டு சும்மா எடம் இருக்கும் மாமா, அவ்ளோதான். இந்த சிடிய நான்தான எழுதுனேன்? இதுல தண்ணி எங்கருந்து வந்துச்சு?" அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "இன்னொரு தபா போடு."

மறுபடி பெட்டிக்குள் தட்டு போனது. ஜெகதீசன் பொத்தானை அழுத்தினான். இந்தத் தடவை ஒரு நிமிஷம் ஐந்து செகண்டிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தியும் அதற்குப் பின்னால் போகவில்லை.

அதே தண்ணீர். ஆனால் டப்பா மெதுவாகச் சுரண்டியது. ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. செருமல் இல்லை, இருமல் மட்டும். பிறகு டப்பா எதன்மேலோ விழுந்து உருண்டது.

பதிவு செய்த சத்தம் என்றால் எத்தனை முறை போட்டாலும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும்? பாட்டு தொடங்கியது. ஜெகதீசனின் விரல் தன்னையறியாமல் பொத்தானுக்குப் போனது.

செல்லம்மா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுண்ணே! கேக்கக் கேக்கக் கொறையுது. தெரியல?"

தட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு அவள் நேராகக் கடற்கரைக்கு நடந்தாள். இவர்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள்.

"எம்புருசன் தண்ணி எறைச்சிகினு கீறாரு. எந்தாலி எறங்காது" என்றாள் பெரியவர்களிடம்.

"பாட்டுத் தட்டு சொல்லிச்சாம்மா?" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆமா, சொல்லிச்சு. நீங்க போறீங்களா, இல்ல நான் கட்டுமரம் ஏறட்டுமா?"

மற்ற மூன்று பேரின் தாய்மார்களும் ஒவ்வொருத்தியாக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். வைக்கோல் பொம்மைகளை அள்ளிக் கொட்டகைக்குள் போட்டார்கள். நீரோட்டம் போகும் திசை பார்த்து நான்கு லாஞ்சுகள் வடக்கே கிளம்பின.

மறுநாள் சாயந்திரம், ஆந்திரக் கரையில் கிருஷ்ணப்பட்டணத்துக்கும் அப்பால், எஞ்சின் செத்துப் பாதி முழுகிக் கிடந்த லாஞ்சைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பேருக்கும் உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுப்புராயன் சொன்னதை ஜெகதீசன் பக்கத்திலிருந்து கேட்டான்.

"மத்தவங்க மயங்கிட்டாங்க மாமு. நான்தான் எறைச்சிகினு இருந்தேன். ஒம்பதாம் நாளு, முதுகுக்குப் பின்னால யாரோ நின்னு காது குடுக்குற மாதிரி இருந்துச்சு. கை அப்பிடியே துவண்டு போச்சு. கொஞ்ச நேரம் பொறுத்து மறுக்கா. டப்பாவே கீழ வுழுந்துடுச்சு. மூணாவது தபா வந்திருந்தா முடிஞ்சிருப்பேன்."

ஜெகதீசன் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டான்.

பதினைந்து நாள் கழித்து சுப்புராயன் மனைவியோடு கடைக்கு வந்தான். தன் பாட்டைக் கேட்க வேண்டுமாம். மனோகரன் கம்ப்யூட்டரில் போட்டான்.

சுப்புராயன் முகத்தைச் சுளித்தான். "இன்னாடா, தெருக்கோடில நின்னு பாடுற மாதிரி கீது? ஜெகா, உன் பெரிய பொட்டில போடு. அந்தத் தட்டு எங்க?"

"ஒடஞ்சி போச்சு" என்றாள் செல்லம்மா.

சொல்லும்போதே அவள் கை மடியில் இருந்த வட்டமான புடைப்பை மூடிக்கொண்டது. ஜெகதீசன் அதைப் பார்த்தான். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் குறைந்தது நாற்பத்தைந்து செகண்டு. இன்னொரு தடவை போட்டால் மிச்சம் இருபதுதான். பெரிய பெட்டியின் மேல் கிடந்த துணியை அவன் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டான்.

"இதுவே நல்லாதான் கீது" என்றான். "கேளு."