ஒரு நாள் சம்பளம்

சந்திரிகா சில்லறை கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

உஸ்மான் ரோட்டிலிருந்த அந்தப் புடவைக் கடையில் ஒரு வழக்கம். வேலை பார்ப்பவர் வீட்டில் கல்யாணமோ சாவோ எது வந்தாலும், மற்ற எல்லோரும் தங்கள் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். சேர்ந்த தொகை எவ்வளவோ அவ்வளவை முதலாளி கணேசமூர்த்தி அண்ணாச்சியும் போடுவார். கோவில்பட்டியிலிருந்து வந்து கடை திறந்த அவருடைய அப்பா தொடங்கி வைத்தது அது. இந்த முறை ஜைதூன் பீ மகளுக்கு நிக்காஹ். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற ஜைதூன் பீயைப் பிடிக்காதவர் அந்தக் கடையில் கிடையாது.

வசூல் வேலை எப்போதும் பட்டுப் பிரிவு அன்புக்கரசிக்குத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் பையோடு மொட்டை மாடிக்கு வருவாள். அவரவர் மூடிய கையைப் பைக்குள் விட்டு, திறந்த கையோடு வெளியே எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஏனென்றால் கடையில் இன்னொரு சட்டமும் இருந்தது. தன் சம்பளத்தை அடுத்தவரிடம் சொன்னவருக்கு அன்றைக்கே கல்தா.

சந்திரிகா சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த மூடிய கை விவகாரத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை எல்லோர் முன்னாலும் நீட்டி, "அக்கா, நானூறு ரூபா சில்லறை இருக்குமா?" என்று கேட்டாள்.

அன்புக்கரசி நானூறை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் மண்டையில் ஏறியது. அறுநூறு! அவளுடைய ஒரு நாள் சம்பளம் நானூற்றைம்பது. பத்து வருஷமாக இந்தக் கடையில் பட்டு விரிக்கிறாள். மயிலாப்பூர் மாமிகள் "அன்பு இருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். மடிப்புக் கலையாமல் புடவையை உதறிக் காட்ட இந்தச் சந்திரிகாவுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். வாத்தியாருக்கு நானூற்றைம்பது, கற்றுக்கொள்ள வந்தவளுக்கு அறுநூறா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் என்றைக்கு நியாயமான இடத்துக்குப் போயிருக்கிறது? பக்கத்தில் நிற்பவர் மேல்தான் பாயும். அன்று மதியம் முழுக்கச் சந்திரிகா தொட்டதெல்லாம் குற்றம். "இன்னா, கொடியில துணி காயப்போடற மாதிரி விரிச்சிக்கினு கீற?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சிடுசிடுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று.

கூட்டம் குறைந்த நேரத்தில், ஸ்டாக் ரூமுக்குப் போன அன்புக்கரசியின் பின்னாலேயே சந்திரிகாவும் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பில் போடற சுலோச்சனாக்கா சொன்னாங்கக்கா. நான் பணத்த வெளிய காட்டிருக்கக் கூடாதாமே. உங்களுக்கு என்னவிடக் கம்மியாக்கா?"

அன்புக்கரசி அட்டைப்பெட்டியைப் பிரித்தாள்.

"சத்தியமா தெரியாதுக்கா. அண்ணாச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுக்காரரு கால் ஒடஞ்சி படுத்துக்கினு கீறாரு. இந்த வேலையும் போச்சின்னா நாங்க அவ்ளோதான்."

கோபம் வடியவில்லை. ஆனால் அது போவதற்கு இருந்த ஒரே வழியும் அடைத்துக்கொண்டது. அண்ணாச்சியிடம் கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். சந்திரிகாவைக் கைகாட்டினால் அவள் தெருவில் நிற்பாள். கேட்காமல் விட்டாலோ, தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பொருமியே சாக வேண்டியதுதான். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போகிற உடம்பில் அதற்கெல்லாம் தெம்பு ஏது?

எப்படியும் வசூல் பையை அண்ணாச்சியிடம் சேர்த்தாக வேண்டும். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்த அவர் அறைக்குப் போனாள். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பங்கஜம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். எனக்கு மாசம் பதிமூணாயிரத்து ஐந்நூறு. நேத்து வந்தவங்களுக்கு என்னவிட ஜாஸ்தி. இது நாயமா?"

சொல்லி முடிப்பதற்குள் வியர்த்து ஊற்றிவிட்டது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி."

"சொல்லாம எப்படித் தெரியும்? கடைச் சட்டம் தெரியும்லா? யாருன்னு சொல்லு, இப்பமே கணக்கு முடிச்சு அனுப்புதேன்."

அன்புக்கரசி கையிலிருந்த பையைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி பயந்து என்ன ஆகப்போகிறது? அதை மேசைமேல் வைத்தாள்.

"அப்படின்னா உங்க அப்பாவதான் அனுப்பணும்."

"என்னது?"

"ஒரு நாள் சம்பளம் போடச் சொன்னது அவருதானே? போட்டா, அத்த முப்பதால பெருக்கத் தெரியாதவ இந்தக் கடையில யாரு கீறா? தெரியக் கூடாதுன்னா கூட்டியோ கொறச்சோ போடச் சொல்லுங்க, போட்டுடறோம். கல்யாணக் காசுல பொய் சொல்லலாமா அண்ணாச்சி?"

பங்கஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க அப்பாவுக்குக் கணக்கு முடியுங்க பாப்போம்" என்று கணவரைச் சீண்டினாள்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "புதுசா வாரவ, பழைய கடையில வாங்குனதக் குடுத்தாத்தான் வாரேன்னா. குடுத்தேன். நீ ஒரு நாளும் கேக்கலையே?"

"தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்? சொன்னா வெளிய போன்னு சொல்லி வச்சிருக்கீங்களே."

அவர் கெட்டவர் இல்லை. கேட்காதவருக்குக் கொடுக்காமல் இருப்பதில் ஒரு சுகம் கண்டவர், அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் எதிர்க் கடைக்குப் போனால் மயிலாப்பூர் மாமிகளும் கூடவே போய்விடுவார்கள் என்பதும் அவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும்.

"சரி. இந்த மாசத்துல இருந்து பத்தொம்பதாயிரம். போதுமா?"

அன்புக்கரசி தலையாட்டினாள். "அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு? யாரும் சொல்லலைன்னுதான சொன்ன?"

"மத்தவங்க அண்ணாச்சி?"

"ஏம்மா, ஒரே நாள்ல கடையவே எழுதி வாங்கிரலாம்னு வந்தியா?" என்றவர், கண்ணாடியைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழம எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுவோம். யாருக்கு எவ்வளவு, எதுக்குன்னு சொல்லியே குடுத்துருதேன். ஒளிச்சு வைக்கதுதான் பெரிய வேலையா இருக்கு."

"நாந்தான் சாட்சி" என்றாள் பங்கஜம்.

வெளியே வந்து கதவைச் சாத்தியதும் அன்புக்கரசிக்கு "அப்பாடா" என்று வாய்விட்டே வந்துவிட்டது.

படிக்கட்டின் அடியில் சந்திரிகா தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, கெளம்பிக்கினு கீற?"

"நீங்க மேல போனதப் பாத்தேன்க்கா. அவங்க தொரத்தறதுக்கு முன்னாடி நானே போயிடலாம்னு..."

"உன் வேல அப்படியே கீது. எனக்கும் ஏத்திட்டாரு. பத்தொம்பதாயிரம்!"

உரக்கவே சொன்னாள். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

சந்திரிகா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்புக்கரசியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மேல கோவமாக்கா?"

"மத்தியானம் இருந்துச்சி. உன்னக் கடிச்சித் துப்பிடலாம்னு இருந்துச்சி."

"இப்போ?"

அன்புக்கரசி தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. சம்பளம் ஏறியதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தான் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த பெண்ணை வெறுத்துக்கொண்டே அவள் பக்கத்தில் நின்று பட்டு விரிக்கும் கொடுமை இனி இல்லை.

"இப்போ பசிதான் கீது. எழுந்திரு, போய் பஜ்ஜி துன்னலாம்."