உளவாளிக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது

விளிம்புவரை ஏறிவிட்ட பால், நான் அடுப்பைக் குறைத்ததும், ஒரு கணம் யோசித்துவிட்டுக் கீழே இறங்குகிறது, மணி ஐந்து ஐம்பது, இதற்குள் பல் தேய்த்தாயிற்று, வாசல் விளக்கை அணைத்தாயிற்று, டிகாஷன் இறங்கியாயிற்று, இனி இரண்டு டம்ளர் காபி, சர்க்கரை போட்டு ஒன்று எனக்கு, சர்க்கரை இல்லாமல் ஒன்று அத்தைக்கு, அத்தை என்றால் எழிலரசியின் அம்மா, எழிலரசி என் மனைவி, வருகிற வியாழக்கிழமையோடு அவள் இறந்து ஒரு வருடம், அத்தை இந்த வீட்டுக்கு வந்தும் ஏறக்குறைய அவ்வளவு காலம். காபி ஆறக்கூடாது. காபியை வைத்துவிட்டு யாராவது எழுந்து போனால் எழிலுக்குப் பொறுக்காது, உளவாளிப் படங்களின் மேல் அவளுக்கு இருந்த முதல் புகார் அதுதான், வெளிநாட்டில் பெரிய ஓட்டலில் வந்து உட்காருவான், காபி வரும், ஆவி பறக்கும், எதிர்மேசைக்காரன் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்துவான், உடனே நாயகன் எழுந்து போய்விடுவான், ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்டா, அவன் எங்க ஓடிறப் போறான், என்று டிவியைப் பார்த்துச் சொல்வாள், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், ஏதோ நான்தான் பாதியில் எழுந்து போனதுபோல.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஏழு மாதம், அதில் ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனையோ அத்தனை படம், கறிக்குழம்பு சாப்பிட்ட பிறகு தரையில் பாய் விரித்து, ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்து, உறையூரின் அந்த இரண்டு அறை வீட்டை அரைத் தியேட்டராக்கி, உளவாளிப் படம் மட்டும்தான் பார்ப்போம், எனக்குப் பிடிக்கும் என்பதால் பார்த்தாள், அவள் திட்டுவதைக் கேட்கப் பிடிக்கும் என்பதால் நான் பார்த்தேன், இப்படித்தான் அது பழக்கமானது. எனக்கு ஏன் பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டாள். கல்லூரி ஆய்வகத்தில் நான் நாள் முழுக்க மாணவர்களுக்கு லென்ஸும் ஸ்டாண்டும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிறவன், உளவாளிப் படத்தில் எல்லாருக்கும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருக்கிறது, கதவு திறந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும், கம்பியில் எந்த நிறத்தை அறுக்கவேண்டும், அது பிடிக்கும் என்றேன். எனக்கும் தெரியும், கறி வேகலன்னா இன்னும் ரெண்டு விசில் விடணும், என்றாள்.

எழில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஓர் ஆவண எழுத்தரிடம் பத்திரம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், காலை பத்திலிருந்து ஐந்துவரை இன்னாரின் மகன் இன்னார், கிழக்கே பொதுப்பாதை, மேற்கே மாரிமுத்து வகையறா பாத்தியம், அதனால் நாயகன் சுவரில் ஒரு பெட்டகத்தைத் திறந்து ஏழு பாஸ்போர்ட்டை எடுக்கும் காட்சியில் எழுந்தே உட்கார்ந்துவிடுவாள், ஏழுலயும் அதே மூஞ்சி, அதே மீசை, இங்க இனிஷியல் மாறிடுச்சுன்னா தாசில்தார் வரைக்கும் நடக்க விடுறாங்க, இவனுக்கு யாருய்யா கையெழுத்துப் போட்டது. அவளுடைய பெரிய கருத்து ஒன்று உண்டு, உளவாளிக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, கவனிச்சியா, சித்தப்பா இல்ல, மச்சான் இல்ல, ஒரு கல்யாணப் பத்திரிகை கூட அவனுக்கு வர்றதில்ல, ஒரே ஒரு அத்தை இருந்தா போதும், அவன் எந்த ஊர்ல எந்த வேஷத்துல இருக்கான்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிரும், நம்ம எதிர்வீட்டு விசாலாட்சியக்கா, நாம குடிவந்த அன்னைக்கே உன் சம்பளத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்களே, கேட்டது உனக்கே தெரியல, அதுதான்யா உளவு. நான் நாயகர்கள் பக்கம் நின்று வாதாடுவேன், அவர்களுக்கு நாட்டுப்பற்று, அவர்களுக்குத் தனிமை, அவள் தலையணையைத் தட்டிப்போட்டுக்கொண்டு, தனிமையெல்லாம் இல்ல, துணி துவைக்க வேண்டியதில்லாத ஆளு, அவ்வளவுதான், என்பாள். அதற்குப் பிறகு என்னால் எந்த உளவாளியையும் மரியாதையாகப் பார்க்க முடியவில்லை, சட்டை கிழிந்தால் அடுத்த காட்சியில் புதுச் சட்டை, யார் தேய்த்தது என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அவளுக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். நாயகனின் மனைவியை முதல் இருபது நிமிடத்தில் கொன்றுவிடுவார்கள், கடற்கரையில் தலைமுடி பறக்கச் சிரிப்பாள், உடனே தெரிந்துவிடும், போச்சு, இவ முடிஞ்சா, என்று எழில் பெருமூச்சு விடுவாள், அப்புறம் அவன் தாடி வளர்ப்பான், குடிப்பான், கண் சிவக்கும், ஒருநாள் எழுந்து துப்பாக்கியைத் துடைப்பான், அவ செத்தாத்தான் படமே ஆரம்பிக்குது, பாத்தியா, அந்தப் பொம்பளைக்கு என்ன பிடிக்கும், எங்க வேலை பாத்தா, ஒண்ணும் சொல்ல மாட்டானுங்க, சிரிச்சா செத்தா. எனக்குத் தாடி வளரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முடிதிருத்துகிறவர் வழித்துவிட்டார், பதினெட்டாம் நாள் ஆய்வகத்துக்குப் போனேன், லென்ஸ் எடுத்துக் கொடுத்தேன், திரும்ப வாங்கி வைத்தேன், ஒரு லென்ஸ் குறைந்தது, தேடினேன், கிடைத்தது. துடைப்பதற்குத் துப்பாக்கி இல்லாதவன் அலமாரியைத் துடைப்பான். வேறு எதுவும் ஆரம்பிக்கவில்லை.

இன்னொன்று கடைசி வசனம். மார்பில் குண்டு வாங்கியவன் நண்பனின் மடியில் மூன்று நிமிடம் பேசுவான், நட்பைப் பற்றி, நாட்டைப் பற்றி, பிறகு பெட்டக எண்ணில் பாதியைச் சொல்லிவிட்டுத் தலை சாய்வான், மீதிப் பாதிக்காகத்தான் இடைவேளைக்குப் பின் படம், எழில் பாயைத் தட்டுவாள், முக்கியமானத மொதல்ல சொல்லித் தொலைக்க மாட்டானா, நம்பரச் சொல்லிட்டு அப்புறம் நண்பா நண்பான்னு உருகட்டும், நேரம் இருந்தா. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரியின் நீளமான நடையில் நிற்கிறேன், அத்தை என் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் எழிலின் அண்ணன் செங்குட்டுவன், ஓசூரிலிருந்து பேருந்தில் வந்த சட்டையோடு சுவரில் முகம் வைத்து அழுகிறான், மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று டாக்டர் சொல்லி முடித்துப் போய்விட்டார், அத்தை அழவில்லை, கடைசியா எதாச்சும் சொன்னாளா மாப்ள, என்ன சொன்னா, என்று கேட்கிறாள், என் வாய் தானாகத் திறந்து, அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா, என்றது. அது பொய். நூறு படத்தில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை, சொன்னதை யாரிடமும் சொல்ல என்னால் முடியாது, சொன்னால் அதற்குப் பின்னால் இருக்கிற மற்றதையும் சொல்லவேண்டும்.

அந்த வாக்கியம் என்னைவிட நன்றாக வாழ்ந்தது. காரியம் முடிந்து, அத்தையை ஓசூருக்கு அழைத்துப்போகச் செங்குட்டுவன் கார் பிடித்துக்கொண்டு வந்தபோது, எம் பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா, நான் எங்கயும் வரல, என்று அத்தை என் வீட்டுக்குள் வந்து பையை இறக்கினாள், மகன் இருக்க மருமகன் வீட்டில் கிடப்பதாவது என்று உறவு முழுக்கப் பேசினார்கள், அந்த வாக்கியத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள், செங்குட்டுவன் மட்டும் ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அத்தை தினமும் எனக்குச் சாப்பாடு கட்டுகிறாள், எதிர்வீட்டு விசாலாட்சியக்கா என்னைப் பற்றி எதைக் கேட்டாலும் அதற்கு வேறு எதையோ பதில் சொல்லி அனுப்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் டிவியைப் போடுவதில்லை, ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவள் வைக்கும் குழம்பின் ஒவ்வொரு வாயோடும் நான் அந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

காபியைக் கொண்டுபோய் வைக்கிறேன். அத்தை வாங்கவில்லை, கையில் என் செல்போன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள், செங்குட்டுவன் அனுப்பியது, வியாழக்கிழமை பத்திரிகையில் போட முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, எழிலின் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, கீழே இரண்டு வரி, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற உன் கடைசிச் சொல்லைக் காத்து நிற்கிறோம், பத்து மணிக்குள் சரி என்று சொன்னால் அச்சுக்குப் போய்விடும். படம் நல்லா இருக்கு, என்றாள் அத்தை. ஆமா, என்றேன். கீழ உள்ளத எடுக்கச் சொல்லுங்க மாப்ள. ஏன் அத்தை. ஊரே படிக்கும், பொய்ய அச்சுல போடக்கூடாது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, அவ என்னைய என்னைக்கு அம்மான்னு சொன்னா, என்கிறாள்.

எனக்குத் தெரியும், தெரிந்தே இருந்தது, அத்தையோடு பிறந்தவர்கள் அவளுக்குக் கீழே நாலு பேர், அவர்கள் அக்கா அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்த எழிலுக்கும் குட்டுவனுக்கும் பெற்றவள் அக்காதான், பெண் பார்க்கப் போன அன்று எங்க அக்கா போட்ட வடை என்று எழில் தட்டை நீட்டியபோது, அக்கா இருக்கிறாளா, யாரும் சொல்லவில்லையே என்று நான் முழித்ததை வைத்து இரண்டு வருடம் கேலி செய்திருக்கிறாள், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், அலுவலகத்திலும் அப்படித்தான், ஒருநாளும் மாறியதில்லை. எதிரி நாட்டில் வேஷம் போட்டவன் மொழியைப் படித்திருப்பான், பாடலைப் படித்திருப்பான், தெருவைக் கடக்கும்போது பழைய ஞாபகத்தில் தப்பான பக்கம் திரும்பிப் பார்ப்பான், மாட்டிக்கொள்வான், அந்த மாதிரி இடத்தை மட்டும்தான் எழில் ஒத்துக்கொள்வாள், இது நெசம், இப்படித்தான் மாட்டுவாங்க, என்று. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பவே தெரியுமா அத்தை. ஆஸ்பத்திரியிலயே தெரியும். குட்டுவனுக்கு. அவனுக்கு அன்னைக்கு அழுறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு, அதுக்கப்புறம் நான் சொன்னத நம்பிக்கிட்டான். தெரிஞ்சுதான் இங்க இருந்தீங்களா. காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நீங்க நாலு நாளா ஒரே சட்டையில இருந்தீங்க, மகன் வீட்ட விட்டுட்டு இங்க இருக்கணும்னா ஒரு சாக்கு வேணும்ல, நீங்களே குடுத்தீங்க, நான் வாங்கிக்கிட்டேன்.

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. தெருவில் பால்காரரின் வண்டி திரும்பிப் போகிறது. அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெசமா என்ன சொன்னா, என்று கேட்கிறாள், அன்று கேட்ட அதே குரல், அன்றுபோலவே அழவில்லை, நல்லதா இருக்கணும்னு இல்ல மாப்ள, அவ சொன்னதா இருந்தாப் போதும், ஒரு வருஷமா உங்க வசனத்த வச்சு ஓட்டியாச்சு.

இதைச் சொன்னால் அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஓசூர் போய்விடலாம், போனால் எனக்கு ஒரு டம்ளர் காபி மட்டும் போட்டால் போதும், அதை யோசித்தேன், யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டேன், முதலில் டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன், எப்போதிலிருந்து நினைவில்லை என்று கேட்டார், இப்பத்தான் என்றேன், இப்பத்தான் இல்லை அத்தை, அதற்கு முன்னால் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது, தூங்குகிறாள் என்று நினைத்தேன், கறிக்குழம்பு சாப்பிட்டால் தூங்குவாள்தானே, தூக்கம் கலையக்கூடாது என்று டிவியின் சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, மீதிப் படத்தை முழுசாகப் பார்த்தேன், நாயகன் தப்பித்தான், பெயர்கள் ஓடி முடிந்தன, பிறகுதான் தோளைத் தொட்டு எழுப்பினேன். அதற்கும் முன்னால் பாலம் இருந்தது, நாயகன் பாலத்தின் நடுவில் நிற்கிறான், இரண்டு பக்கமும் வண்டிகள் வருகின்றன, அடியில் வெடிகுண்டு, எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன, எழில் ஒருக்களித்துப் படுத்து நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு ஒன்று சொன்னாள், நான் திரும்பிப் பார்க்காமல், ஒரு நிமிஷம், இந்தப் பாலம் வெடிச்சிரட்டும், என்றேன், பாலம் வெடித்தது, வீடு முழுக்க அதிர்ந்தது, போர்வை கட்டிய ஜன்னல் கண்ணாடிகூட அதிர்ந்தது, அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அத்தையின் கை என் தலையில் இருக்கிறது, எப்போது வைத்தாள் என்று தெரியாது, கனமாகவும் இல்லை, லேசாகவும் இல்லை. அடுப்பங்கரையில் மீதிப் பால் ஏடு கட்டி அசையாமல் இருக்கும். சொல்லுங்க, என்ன சொன்னா, என்கிறாள். அவள் சொன்ன மாதிரியே, அவள் குரலில் எங்கே நிறுத்தினாளோ அங்கே நிறுத்தி, சொல்கிறேன்.

அவன் எப்படியும் சாவ மாட்டான், சத்தத்தக் கொஞ்சம் கொறைப்பா, தலைய வலிக்குது.