பாதி வழிக்குப் பைப்

சுவரைப் பிளந்து போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஹால் மூலையில் இன்டர்நெட் பெட்டி. வீட்டின் கடைசியில் உள்ளறை. இரண்டுக்கும் நடுவே நடைச்சுவர் நெடுக, வயர் பதிக்க வெட்டிய பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தட்டில் சிமெண்ட் தூசி, தலையணையில் சிமெண்ட் தூசி. கொத்தனார் தினமும் வந்து, "இன்னிக்காவது பூசலாங்களா?" என்று கேட்பார். "கொஞ்சம் பொறுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்.

பொறுக்கச் சொன்னவர் வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. யாராவது தும்மினால்கூட அடுத்து என்னென்ன கேடு வரும் என்று விரல் மடக்கிச் சொல்லக்கூடிய மனிதர். வயரைப் பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டுத்தான் பதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி, அவர் மனைவியின் அண்ணன். பல் டாக்டர். குழி என்று ஒன்று இருந்தால் அதைக் கெட்டியாக அடைத்தாக வேண்டும் அவருக்கு. உள்ளே வெற்றிடம் விட்டால் தூக்கம் வராது.

"நாளைக்கு வயர் செத்துப்போச்சுன்னா என்ன மச்சான் பண்றது? பைப் இருந்தா பழசை உருவிட்டுப் புதுசை விட்டுக்கலாம்."

"அது ஏன் மாப்ள சாகப்போகுது? வீட்டு கரண்ட்டா போகுது அதுல? வெறும் நெட் வயர். தொட்டா ஷாக்கும் அடிக்காது, சூடும் ஆகாது. இதுக்குப் போய் பைப்பாம்! அப்படியே வச்சுப் பூசித் தள்ளுங்க."

"எலி கடிச்சா?"

"சிமெண்டைக் கடிக்கிற எலிக்கு நானே வந்து பல்லு பார்க்கிறேன்."

எலக்ட்ரீஷியன் தங்கமான மனிதர். கடைசியாகப் பேசியவர் யாரோ, அவர் பக்கம்தான் நியாயம் என்று தலையாட்டுவார். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசியதில் அவருக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

சரி, இந்த வயர் யாருக்கு என்று கேட்கிறீர்களா? நீங்களாவது கேட்டீர்களே, நன்றாக இருங்கள். அந்த இரண்டு பேரும் அதை மறந்தே போனார்கள். வயர் வீட்டுக்காரிக்கு. உள்ளறையில் உட்கார்ந்து, வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. பெட்டியின் சிக்னல் அந்த அறைக்குள் போய்ச் சேருவதற்குள் பாதி உயிரை விட்டுவிடும். "கிணத்துக்குள்ள இருந்தா பேசறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. கம்பெனி சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமையிலிருந்து ஒரு தடவை லைன் கட்டானாலும் உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்மா." வருஷக்கணக்கில் வீட்டோடு கிடந்தவள், ஏறாத படியெல்லாம் ஏறிப் பிடித்த வேலை அது.

"பைப்போ என்ன எழவோ, திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்றாள்.

"அவசரப்பட்டு முடிவெடுக்கிற விஷயமா இது?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பேச்சுக்கு இந்த வீட்ல மதிப்பில்ல. கிளம்பறேன்" என்று செருப்பைத் தேடினார். மச்சான் முறைத்துக்கொண்டு போனால் உறவில் நாலு பேர் நாக்கில் விழ வேண்டுமே என்று வீட்டுக்காரர் பதறினார். அப்போது எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்தார்.

"ஹால்லருந்து நடை பாதி வரைக்கும் சார் சொல்ற மாதிரி பைப். அங்கேருந்து உள்ளறை வரைக்கும் டாக்டர் சொல்ற மாதிரி வெறும் வயர். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாருங்க."

இரண்டு முகமும் மலர்ந்தன. கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள்.

அவள் மட்டும் கேட்டாள்: "எந்தப் பாதி அறுந்தாலும் முழு வயரும்தானே போச்சு?"

"எல்லாரும் ஒத்துமையா ஒரு முடிவுக்கு வந்தா உனக்குப் பொறுக்காதே" என்றார் புருஷன்.

கொத்தனார் பூசினார். ஞாயிற்றுக்கிழமை அவள் கம்ப்யூட்டரில் தோழியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் தெள்ளத்தெளிவாக இருந்தது. அவள் சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார், கையில் பரிசோடு. கடைவாய்ப் பல் வடிவத்தில் ஒரு சுவர்க் கடிகாரம். அடியில் அவருடைய கிளினிக் பெயர். மாட்டுவதற்கு டிரில்லிங் மெஷினும் கொண்டு வந்திருந்தார்.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா மச்சான்?"

"ஓட்டை போடறதுக்கு எனக்கே ஆளு கூப்பிடறீங்களா? தள்ளுங்க மாப்ள."

நடைச்சுவரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பழைய பூச்சு கல்லாக இருந்தது. ஓரிடத்தில் ஈரம் காயாமல் மெத்தென்று இருந்தது. "இங்க சுலபமா இறங்கும்" என்று மெஷினை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"ஹலோ? ஹலோ?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்காரர் முகத்தில் பத்து வயது குறைந்ததுபோல் களை கூடியது. "சொன்னேனா? சாகும்னு சொன்னேனா?" என்று ஹாலுக்கு ஓடி, பைப் வாயில் நீட்டிக்கொண்டிருந்த வயரைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் வந்தது. அப்புறம் அசையவில்லை. மறுபாதியைத்தான் சிமெண்ட் கவ்விக்கொண்டிருக்கிறதே.

"உங்க பாதி விடமாட்டேங்குது மச்சான்!"

"பைப் போட்டிருந்தா பைப்பும்தான் ஓட்டையாயிருக்கும்!"

"ஓட்டையானா என்ன, உருவி மாத்தலாம்ல?"

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்கள். ஒருவருக்கு "ஆமா சார்", இன்னொருவருக்கு "கரெக்ட் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் வந்து ஓட்டையைப் பார்த்தாள். கத்தவில்லை. கண் கலங்கியது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, சோபாவை அந்தப் பக்கம் பிடிங்க. அண்ணா, நீ இந்தப் பக்கம். உள்ளறைக்கு. டிவியையும் தூக்குங்க."

அவளுடைய மேஜை ஹாலுக்கு வந்து பெட்டியோடு ஒட்டி நின்றது. நடுவில் ஒரு முழ வயர். பைப்பும் இல்லை, பூச்சும் இல்லை.

திங்கட்கிழமை லைன் கட்டாகவில்லை. செவ்வாயும் இல்லை. விருந்தாளி வந்தால் சமையலறை வழியாக வரவேண்டும். புருஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல் நடக்க வேண்டும்.

புதன்கிழமை, இரண்டு போன்களுக்கு நடுவே அவர் மெல்ல எட்டிப் பார்த்தார். "ஹாலை எப்பம்மா திருப்பித் தருவே?"

"பைப்பா, வெறும் வயரான்னு நீங்களும் அண்ணனும் முடிவு பண்ணிட்டு வாங்க" என்றாள். "அவசரமே இல்ல."

சாயங்காலம் அண்ணனும் வந்து சேர, உள்ளறையில் இரண்டு பேரும் அந்த சோபாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சத்தம் வராமல் இருக்க, அவளே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.