கையெழுத்துக்கு முன்னால்

மூன்று மணிக்கு மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். இரண்டே காலுக்கு இன்ஸ்பெக்டர் லிப்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், மாமா அந்த இன்ஸ்பெக்டருக்கே மாமா. கூடப் பிறந்த அக்காவின் கணவர். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள். வீடு ஆறாவது மாடியில்.

சொந்த அக்கா குடியிருக்கும் கட்டிடத்தை அவர் சோதிக்க வந்தது முறையில்லைதான். ஆனால் அலுவலகத்தில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் லீவு. இன்னொருவர், லீவில் இருப்பவரைப் பார்க்கப் போயிருந்தார்.

அலுவலகத்தில் இவருக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். லிப்டு அளவுக்கு மீறி வேகமெடுத்தால் கூண்டின் அடியில் இருக்கும் இரும்புப் பிடி தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்த வேண்டும். அதை ஒரு தடவை சோதித்தால் போதும் என்கிறது சட்டம். இவர் இரண்டு தடவை சோதிப்பார். லிப்டோடு நின்றாலாவது பரவாயில்லை. மனைவியிடமும் "சம்மதம்தானே?" என்று இரண்டு தடவை கேட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்பாள் அவள்.

இன்றைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி விட்டபோது, முதல் தடவை பிடி 'டக்'கென்று கவ்வியது. மெக்கானிக் கைதட்டாத குறை. இரண்டாவது தடவை, கூண்டு இரண்டு முழம் வழுக்கிய பிறகு, போனால் போகிறது என்பதுபோலக் கவ்வியது.

"சார், முதல் தடவை பாஸ். சட்டப்படி பாஸ்," என்றார் மெக்கானிக். "ரெண்டாவது உங்க சொந்த ஆசைக்குப் பண்ணினது. அதை எதுக்கு எழுதணும்?"

"எழுதாம விட்டா?"

"உங்க மாமா லிப்டுல போவாரு."

செய்தி ஆறாவது மாடிக்கு எப்படிப் போனதோ, அக்கா படியிறங்கி வந்துவிட்டாள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு திட்டு என்று சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருப்பாள் போல.

"ஏண்டா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அவரை மூட்டை மாதிரியா தூக்கிட்டுப் போறது?"

"புது பிடி நாளன்னைக்கு வந்துடும்க்கா. ரெண்டு நாள்தான்."

"ரெண்டு நாள் அவரை வாசல்ல நிறுத்தி வைக்கட்டுமா? இத்தனை நாளா இதுலதானேடா எல்லாரும் போயிட்டு வந்தோம்!"

"அது எனக்குத் தெரியாம போனது. இப்ப தெரியும்."

மெக்கானிக் நாகரிகமானவர். குடும்பச் சண்டை என்று தெரிந்ததும் எண்ணெய்த் துணியை மடிப்பதில் மும்முரமானார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

இன்ஸ்பெக்டர் அப்போது தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன அஸ்திரம் அது. அப்பாவும் இதே இலாகாவில் இன்ஸ்பெக்டர். இவர் செய்ததெல்லாம் அவரைப் பார்த்துச் செய்ததுதான்.

"அப்பாவா இருந்தா போடுவாரா, சொல்லு? கையெழுத்துப் போட்ட கையோட என்னைத் தனியா லிப்டுல ஏத்தி மேல அனுப்புவாரே, மறந்துட்டியா? தான் பெத்த புள்ளையை ஏத்த முடியாத லிப்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டதே இல்லக்கா. எனக்குத் தெரிஞ்ச நியாயம் அது ஒண்ணுதான்."

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது.

"போட்ட பிறகு இல்லடா," என்றாள். "போடறதுக்கு முன்னாடி."

"என்ன முன்னாடி?"

"உன்னை ஏத்தினது. அப்பாவுக்கு லிப்டுன்னா பயம். உள்ள கால் வச்சா மூச்சு முட்டும், வேர்த்து ஊத்தும். ஆபீஸ்ல சொன்னா வேலை போயிடும். இன்ஸ்பெக்டர் உள்ள ஏறிப் பார்க்கணும்னு சட்டம். அவரால ஏற முடியல. உன்னை ஏத்தினார். நீ முழுசா திரும்பி வந்தா கையெழுத்துப் போடுவார்."

லிப்டுக்குப் பயந்த லிப்டு இன்ஸ்பெக்டர்! வேறு யாருடைய அப்பாவாகவாவது இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அப்பா வெளியே நின்று கம்பிக் கதவைச் சாத்துவது, "போயிட்டு வாடா ராஜா" என்பது, திரும்பி வந்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வது எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அணைக்கும்போது சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். பாசத்துக்கு அப்படித்தான் வேர்க்கும் என்று நாற்பது வருஷமாக நம்பி வந்திருக்கிறார். தன் மகளைக் கட்டிக்கொள்ளும்போது தனக்கு ஏன் வேர்ப்பதில்லை என்று ஒருமுறை கவலைகூடப் பட்டிருக்கிறார்.

"சும்மா சொல்லாதே," என்றார். "கோவத்துல சொல்றே."

"ஒரு கிடங்குல லிப்டு குதிச்சுதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒன்பது வயது. வயிற்றுக்குள் குறுகுறுவென்று ஏதோ பறந்தது. கதவைத் திறந்ததும், "அப்பா, இன்னொரு தடவை!" என்று கத்தினார். அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அது குதிக்கலடா. ஒன்றரை மாடி விழுந்து, அப்புறம்தான் பிடி கவ்வுச்சு. அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சது அன்னைக்குத்தான். ஆறு மாசம் அவரோட பேசல. அதோட உன்னைக் கூட்டிட்டுப் போறது நின்னுச்சு."

"அதுக்கப்புறம் யாரை ஏத்தினார்?"

"யாரையும் ஏத்தல. ஏறாமலே போட்டார், ரிடையர் ஆகற வரைக்கும்."

மெக்கானிக்கின் கையிலிருந்த துணி இப்போது மடங்கவில்லை. இன்ஸ்பெக்டர் மணல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. ஒன்பது வயதில் தன் எடையும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருந்திருக்கும் என்ற எண்ணம், அவர் கேட்காமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"உனக்கு முன்னாடி யாரு போனான்னு நினைச்சே? பதிமூணு வயசுல, இனி வரமாட்டேன்னு கத்தினேன். மறுநாள் காலையில உனக்கு ஷூ மாட்டிவிட்டு, 'வாடா ராஜா, லிப்டு பார்க்கலாம்'னு கூட்டிட்டுப் போனார். உனக்கு ஆறு வயசு. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வாயைத் திறக்கல. திறந்தா மறுபடி நான் போகணும்ல?"

அக்கா தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திரும்பி வந்து, 'அப்பா எனக்கு லிப்டு காட்டினார்'னு குதிச்சே. அதைப் போய் எப்படிடா உடைக்கிறது? நீ பாட்டுக்கு அவர்கிட்ட இல்லாத ஒரு நியாயத்தைக் கண்டுபிடிச்சு, அதைப் புடிச்சுக்கிட்டே வளர்ந்துட்டே. சரி, நல்லதைத்தானே புடிச்சிருக்கான், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார். அப்பா இதே மாதிரி படிவங்களில் போட்டது அழகான கையெழுத்து. பள்ளிக்கூட நாளில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் கையெழுத்தைப் பழகினார். முதலெழுத்தின் சுழி இன்றைக்கும் அதே சுழி. ஊன்றி நின்ற இடமே பொய் என்றால் இனி எதற்கு முறைத்துக்கொண்டு நிற்பது? போட்டுவிடலாம். மாமா சுகமாக மேலே போகட்டும். அக்கா சிரிப்பாள். சட்டமும் முதல் தடவையோடு திருப்திப்பட்டுவிடும்.

பேனாவைத் திறந்தார். 'தகுதி உண்டு' என்ற கட்டத்தின் பக்கம் கொண்டுபோனார். கை போகவில்லை. யாருக்காகப் போகவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. அப்பாவுக்காக இல்லை, அது மட்டும் தெரிந்தது. 'தகுதி இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு, "இரண்டாம் சோதனையில் பிடி வழுக்கியது" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். சுழி கோணலாக வந்தது.

அக்கா அதை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு கேட்டப்புறமுமாடா?" என்றாள். அது திட்டா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு மாமா வந்தார். இரண்டு கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையால் கட்டினார்கள். மெக்கானிக் முன்பக்கம், இன்ஸ்பெக்டர் பின்பக்கம், அக்கா பக்கவாட்டில் மாமாவின் காலைத் தாங்கிக்கொண்டாள். முதல் மாடியிலேயே இன்ஸ்பெக்டருக்கு நுரை தள்ளியது. மாமா மட்டும் உற்சாகமாக இருந்தார். அப்பாவைப் பற்றிய விஷயம் ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"பல்லக்குல போற மாதிரி இருக்கு மாப்ளே! பாஸ் போட்டிருந்தா இந்த மரியாதை கிடைச்சிருக்குமா?"

"பேசாம வாங்க மாமா, பேசினா வெயிட் கூடுது."

நான்காவது மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். மாமா இன்ஸ்பெக்டரின் நனைந்த சட்டையைத் தட்டிக்கொடுத்தார்.

"சும்மா சொல்லக்கூடாது மாப்ளே. சொந்தக்காரன்னு பார்க்கல பாரு. அச்சு அசல் உங்கப்பாதான் நீ."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் ஏங்கிக் கேட்ட வார்த்தை. இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இல்லீங்க," என்றாள் அக்கா, கணவரின் காலை மெல்லத் தூக்கிக்கொண்டே. "இவன் அவரை மாதிரி இல்ல."

மாமா திடுக்கிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவை மாதிரி இல்லை என்று சொன்னவர்களோடு நேற்றுவரை இன்ஸ்பெக்டர் பேச்சுவார்த்தையே வைத்துக்கொண்டதில்லை.

"தூக்குங்க," என்றார் இன்ஸ்பெக்டர், மெக்கானிக்கிடம். "இன்னும் ரெண்டு மாடி."